கடலடி வண்டலில் யாரை யார் உண்கிறார்கள்? வட ஆர்க்காட்டு வாசகர்களின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பிரிந்துள்ள பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் விலங்கியல் பயிலும் மாணவர்களும், மீனை அறுத்துக் கழுவும்போது அதன் குடலில் கிடந்ததைப் பார்த்து வியந்தவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கடலின் அடியில் படிந்துள்ள மணல், சேறு, அவற்றுக்குள் புதைந்து வாழும் விலங்குகள், அவற்றை உண்பவை ஆகியவற்றோடு இப்பக்கம் நின்றுகொள்கிறது. பவளப்பாறைகளையும் நடுக்கடல் மீன்கூட்டங்களையும் பற்றிய கேள்விகள் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

கடற்கரையே இல்லாத மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் படிப்பதால் என்ன பயன்?

இரண்டு தொடர்புகளைச் சொல்லலாம். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு, வாலாஜாபேட்டை ஆகிய ஊர்களை ஒட்டிச் செல்லும் பாலாறு, வெள்ளம் வரும் ஆண்டுகளில் தன் மணலையும் வண்டலையும் வயலூர் அருகே வங்காள விரிகுடாவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒரு கடலடியில் எந்தப் புழு வாழும், எந்த மட்டி வாழும் என்பதைப் பெருமளவு முடிவுசெய்வது துகள்களின் பருமன்; அந்தத் துகள்களின் ஒரு பங்கு நம் ஆற்றின் வழியே செல்வதுதான். மற்றொரு தொடர்பு நம் மீன் கடைகளில் இருக்கிறது. பனிக்கட்டிப் பெட்டியில் வந்து இறங்கும் கிழங்கான், நாக்கு மீன், திருக்கை, கடல் நண்டு ஆகிய நான்கும் கடலடிப் படிவில் இரை தேடுபவை. அவற்றின் சதையில் ஒரு பகுதி, நாம் ஒருபோதும் பார்க்காத புழுக்களின் சதையிலிருந்து வந்தது.

படிவுக்குள் வாழும் விலங்குகள் எவை?

ஆய்வாளர்கள் அவற்றைச் சல்லடையால் பிரிக்கிறார்கள். அரை மில்லிமீட்டர் அல்லது ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் தங்குபவை பெருவிலங்குகள்: பாலிகீட் புழுக்கள் (உடல் நெடுகச் சுணை எனப்படும் நுண்முட்கள் கொண்டவை), இரட்டை ஓடுள்ள மட்டிகள், நத்தைகள், சிறு இறால் போன்ற ஆம்பிபாடுகள், நொறுங்கு நட்சத்திரங்கள். அதன் வழியே நழுவிச் சென்று மேலும் நுண்ணிய சல்லடையில் தங்குபவை, பெரும்பாலும் உருளைப்புழுக்களும் மிகச் சிறிய ஓட்டுடலிகளும் ஆகும். இந்தப் பிரிவு மனிதரின் வசதிக்காக ஏற்பட்டது என்பதை மறக்கக் கூடாது. இன்று நுண்சல்லடையில் சிக்கும் ஒரு மட்டிக் குஞ்சு சில வாரங்களில் பெருவிலங்காகிவிடும். அதற்குள் அதை உண்ணக்கூடியவற்றின் பட்டியலும் முழுவதும் மாறிப்போயிருக்கும்.

இருட்டான சேற்றுக்குள் புதைந்திருக்கும் இரையைக் கொன்றுண்ணிகள் எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

கண்ணால் கண்டுபிடிப்பவை மிகக் குறைவு. மணம், அழுத்தம், அதிர்வு, மின்புலம் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலானவை தேடுகின்றன.

திருக்கைக்கும் சுறாவுக்கும் மூக்கைச் சுற்றிய தோலில் நுண்துளைகள் உண்டு. லோரன்சினி குடுவைகள் எனப்படும் உறுப்புகளின் வாய்கள் அவை. உயிருள்ள எந்த விலங்கின் உடலும் தன்னைச் சுற்றியுள்ள நீரில் மிக மெல்லிய மின்புலத்தை உண்டாக்கும். அதை இந்த உறுப்புகள் உணர்கின்றன. 1971இல் கால்மைன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனைகள் இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின. மணலுக்கு அடியில் ஒரு தட்டை மீனை வைத்து, மின்புலத்தைத் தடுக்காத, ஆனால் மணத்தைத் திசைமாற்றிவிடும் அகார் கூட்டால் அதை மூடியபோதும் சிறு சுறா நேராக அந்த இடத்துக்கே வந்து தாக்கியது. மீனை எடுத்துவிட்டு, அதே அளவு மின்புலம் தரும் மின்முனைகளை மட்டும் புதைத்து வைத்தபோது அவற்றையும் இரை என்று எண்ணித் தோண்டியது.

பறவைகளின் முறை வேறு. சிவப்பு நாட் எனப்படும் கரைப்பறவை ஈர மணலில் அலகை மீண்டும் மீண்டும் குத்தும்போது, மணல்துகள்களுக்கு இடையே உள்ள நீரில் அழுத்தம் பரவுகிறது. அங்கே கெட்டியான மட்டி ஒன்று இருந்தால் அந்த அழுத்தத்தின் பரவல் மாறுபடும். அலகு நுனியில் நெருக்கமாக அமைந்த உணர்வுறுப்புகள் அந்த மாறுபாட்டை அறிகின்றன. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1998இல் இதை விளக்கினார்கள். மட்டியைத் தொடாமலேயே அதன் இருப்பை அறியும் இந்தத் திறன், அலகு எட்டும் தொலைவைவிடச் சற்று அதிகமான பரப்பில் தேட உதவுகிறது. கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் குளிர்காலத்தில் வந்திறங்கும் உள்ளான்கள் சேற்றில் ஓயாமல் குத்திக்கொண்டே நடப்பதைப் பார்ப்பவர்கள், ஒவ்வொரு குத்தும் இரையைப் பிடிக்கும் முயற்சி என்று எண்ணிவிட வேண்டாம். அவற்றில் பல, தேடல் மட்டுமே.

மீனும் பறவையும் மேலிருந்து வருபவை. சேற்றுக்குள்ளேயே இருந்து வேட்டையாடுபவை உண்டா?

உண்டு. பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது. உணவுச் சங்கிலியை வரையும்போது புழு, மீன், மனிதன் என மூன்று கட்டங்கள் வரைந்து அம்புக்குறி போட்டுவிடுகிறோம். அந்த முதல் கட்டத்துக்குள்ளேயே மூன்று நான்கு படிகள் அடங்கியுள்ளன.

கிளிசெரா என்னும் பாலிகீட் புழு தன் தொண்டையை வெளியே புரட்டி நீட்டும். அதன் நுனியில் நான்கு கறுத்த தாடைகளும் அவற்றோடு இணைந்த நச்சுச் சுரப்பிகளும் உள்ளன. அந்தத் தாடைகளில் அடகமைட் எனப்படும் செப்புக் கனிமம் இழைந்திருப்பது 2002இல் கண்டறியப்பட்டது. மென்மையான உடல் கொண்ட ஒரு புழு, உலோகக் கனிமத்தால் தன் பல்லை உறுதிப்படுத்திக்கொள்வதை வேதியியல் மாணவர்களும் கவனிக்கலாம். அதன் உறவினரான நீரிஸ் புழுவின் தாடையில் இதே வேலையைத் துத்தநாகம் செய்கிறது. நெமெர்ட்டியன் புழுக்கள் உடலுக்குள் சுருட்டி வைத்திருக்கும் நீண்ட துதிக்கையை வீசி இரையைச் சுற்றுகின்றன. மட்டியின் ஓடு தடிப்பாக இருந்தாலும், சேற்றின் வழியே ஊர்ந்து வந்து அதன் திறந்த பகுதியில் தாக்கும் இனங்களும் அவற்றில் உண்டு. அஸ்ட்ரோபெக்டன் என்னும் நட்சத்திர மீன் சிறு மட்டிகளை ஓட்டோடு முழுதாக விழுங்கி, சதை செரித்த பிறகு வெற்று ஓடுகளை வாய் வழியாகவே வெளியே தள்ளுகிறது. அதற்குக் கழிவாய் இல்லை.

யூனிஸ் அப்ரோடிட்டோய்ஸ் என்ற புழுவைப் பற்றிக் காணொளி பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் பலர். அது உண்மையான விலங்குதான். இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் வெப்பப் பகுதிகளில் வாழ்கிறது. சேற்றுக்கு மேல் தலையை மட்டும் காட்டியபடி காத்திருந்து மீனைப் பிடித்து உள்ளே இழுக்கும். ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுள்ள ஒன்று ஜப்பானில் கிடைத்துள்ளது. ஆயினும் கடலடிச் சேற்றின் அன்றாட வேட்டையில் அதன் பங்கைவிட, விரல் நீளம்கூட இல்லாத கிளிசெராக்களின் பங்கு பன்மடங்கு பெரிது.

மெரினாவிலும் மாமல்லபுரத்திலும் பொறுக்கிய சிப்பிகள் சிலவற்றில் வட்டமான சிறு துளை இருக்கிறதே, அது எப்படி வந்தது?

நூல் கோப்பதற்கு யாரோ துளைத்தது போல் தோன்றும் அந்தத் துளை, ஒரு கொலையின் தடயம். மணலுக்குள் உழுதபடி செல்லும் நேட்டிக்கா வகை நத்தைகள் ஒரு மட்டியைக் கண்டவுடன் தம் அகன்ற பாதத்தால் அதைப் போர்த்திக்கொள்கின்றன. பின்னர் துதிக்கையின் நுனியிலுள்ள ஒரு சுரப்பியிலிருந்து அமிலத்தன்மையுள்ள நீரைச் சுரந்து ஓட்டின் சுண்ணாம்பை இளக்கி, இளகியதை அரம்போன்ற நாக்கால் சுரண்டி எடுக்கின்றன. இளக்குவதும் சுரண்டுவதும் மாறி மாறி நடக்கும். இது மிக மெதுவான வேலை. ஒரு நாள் முழுவதும் உழைத்தாலும் அரை மில்லிமீட்டர் ஆழம் அளவுக்கே துளை இறங்கும். ஓடு முழுவதும் துளைக்கப்பட்டதும் துதிக்கையை உள்ளே விட்டுச் சதையை உண்கின்றன.

துளையின் வடிவத்தை வைத்துக் கொலையாளியின் குடும்பத்தைச் சொல்லிவிடலாம். வெளிப்புறம் அகன்று உள்நோக்கிச் சரிந்து குறுகினால் அது நேட்டிக்காவின் வேலை. சுவர் செங்குத்தாக இருந்தால், பாறைகளிலும் கடலடியின் மேற்பரப்பிலும் வேட்டையாடும் முரெக்ஸ் வகை நத்தைகளின் வேலையாக இருக்க வாய்ப்பு மிகுதி. பாதியில் நின்றுபோன குழி இருந்தால் அந்த மட்டி அப்போது தப்பித்தது என்று பொருள். நேட்டிக்காவின் சொந்த ஓட்டிலும் இதே துளையைக் காணலாம், ஏனெனில் அவை ஒன்றையொன்று உண்ணத் தயங்குவதில்லை.

மென்மையான உடல் கொண்ட புழுவை நண்டு தின்றால் எந்தத் தடயமும் எஞ்சாது. துளையிடப்பட்ட ஓடோ கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைக்கும். தொல்லுயிரியலார் இந்த வேட்டையை மட்டும் இவ்வளவு விரிவாக எழுதியிருப்பதற்குக் காரணம் இதுவே. துளையிடும் நத்தைகளே சேற்றின் தலைமை வேட்டையாளர்கள் என்று அதிலிருந்து முடிவுகட்டுவது தவறாகும்.

கோயிலில் ஊதும் சங்கும் ஊன் உண்ணியா?

ஆம். மன்னார் வளைகுடாவில் எடுக்கப்படும் சங்கு, மணற்பாங்கான கடலடியில் ஊர்ந்து, படிவில் வாழும் பாலிகீட் புழுக்களை உண்டு வாழும் நத்தை. சங்கு நிறைந்த இடம் என்றால் அங்கே மணலுக்கு அடியில் புழு நிறைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இரை விலங்குகள் தம்மை எப்படிக் காத்துக்கொள்கின்றன?

முதன்மையான காப்பு ஆழம். நண்டின் கொடுக்குக்கும் பறவையின் அலகுக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே போய்விட்டால் பெரும்பாலும் பிழைக்கலாம். கத்தி வடிவ ஓடுள்ள என்சிஸ் மட்டி நொடிக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வேகத்தில் புதைந்து, 70 சென்டிமீட்டர் ஆழம் வரை இறங்கக்கூடியது. நம் கிழங்கான் மீனுக்கும் இந்த உத்தி தெரியும். மணலில் புழு தேடித் தின்னும் அது, வலையைக் கண்டு மிரண்டால் தானே மணலுக்குள் புகுந்துகொள்ளும்.

ஆனால் ஆழத்துக்கு விலை உண்டு. உணவும் ஆக்சிஜனும் மேற்பரப்பில் இருக்கின்றன. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு நீளமான உறிஞ்சு குழல் மட்டிக்குத் தேவை. புழுவுக்கு அவ்வளவு நீளமான வளையும் அதில் நீரை ஓட்டுவதற்கு அவ்வளவு உழைப்பும் தேவை. பசித்த விலங்கு மேலே வருகிறது, அஞ்சிய விலங்கு கீழே போகிறது. என் பார்வையில், கடலடி வேட்டையைப் பற்றிய ஏறக்குறைய எல்லாக் கேள்விகளும் இந்த இழுபறியில்தான் வந்து நிற்கின்றன.

மற்றக் காப்புகளும் உண்டு. டயோபாட்ரா என்ற புழு ஓட்டுத்துண்டுகளையும் பாசியையும் ஒட்டிக் கட்டும் தடித்த குழாய்களின் அருகே பிற சிறு விலங்குகள் மிகுந்திருப்பதை அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்கரையில் உவுடின் என்ற ஆய்வாளர் 1978இல் காட்டினார். நண்டுகள் அந்தக் குழாய்க் காட்டுக்குள் எளிதில் தோண்ட முடிவதில்லை. சில விலங்குகள் வேதிப்பொருளை நம்பியுள்ளன. குருசடைத் தீவில் கிடைப்பதாக நம் விலங்கியல் மாணவர்கள் படிக்கும் டைக்கோடெரா உள்ளிட்ட ஏகோர்ன் புழுக்கள் புரோமின் கலந்த சேர்மங்களை உடலில் வைத்திருக்கின்றன. அவற்றைக் கையில் எடுத்தால் ஐயோடோஃபார்ம் போன்ற மருத்துவமனை வாடை அடிப்பது அதனால்தான். பல மீன்களுக்கு அது பிடிப்பதில்லை.

இரையைக் கொல்லாமல் அதன் உடலில் ஒரு பகுதியை மட்டும் தின்பது உண்டு என்கிறார்களே, அது வேட்டையாகுமா?

ஆகும். கடலடிப் படிவில் அது விதிவிலக்கும் அன்று. மிகப் பரவலாக நடப்பது. முழு உடலையும் புதைத்துக்கொண்டு, உண்பதற்காக ஓர் உறுப்பை மட்டும் மேலே நீட்டும் விலங்குகள் நிறைந்த இடத்தில், அந்த உறுப்பைக் கடித்துச் செல்வதே மீனுக்கு எளிது. வடமேற்கு ஐரோப்பாவின் ஓதச் சமவெளிகளில் (ஓதம் இறங்கும்போது வெளிப்படும் சேற்றுப் பரப்புகளில்) இளம் தட்டை மீன்கள் மக்கோமா மட்டியின் குழல் நுனிகளை மேய்கின்றன; சேற்றை உண்ணும் அரெனிகோலா புழு, கழிவை வெளியேற்ற வாலை மேலே கொண்டுவரும் கணத்தில் வால் நுனியை இழக்கிறது; புதைந்த நொறுங்கு நட்சத்திரங்கள் தம் கைகளின் நுனியை இழந்து, பின்னர் மீண்டும் வளர்த்துக்கொள்கின்றன. இழந்த பகுதி வளர்வதால் அதே இரை மறுபடியும் மேயப்படலாம்.

இழப்பு அதோடு முடிவதில்லை. குழல் குட்டையான மக்கோமா, மேற்பரப்பை எட்டுவதற்காக மேலே நகர்ந்து வாழ வேண்டியிருக்கிறது. மேலே வந்த மட்டி பறவையின் அலகுக்கு எட்டிவிடுகிறது. அதாவது, மீன் கடித்த மட்டியைப் பறவை கொல்கிறது. யார் கொன்றது என்று மட்டும் எண்ணினால் அந்த மீனின் பங்கு கணக்கில் வராமலே போய்விடும். ஒரு கொன்றுண்ணி எத்தனை இரையைக் கொன்றது என்பதைவிட, இரையை எந்த ஆழத்தில் வாழ வைத்தது என்று கேட்பதே இங்கே பொருத்தமானது என்பது என் கருத்து.

கூண்டுச் சோதனை என்றால் என்ன? அதிலிருந்து என்ன தெரிந்தது?

கடலடியின் ஒரு சிறு பரப்பைக் கம்பி வலைக் கூண்டால் மூடி, மீனும் நண்டும் நுழைய முடியாமல் செய்து, சில வாரங்களோ மாதங்களோ கழித்து உள்ளே உள்ள விலங்குகளை வெளியே உள்ளவற்றோடு ஒப்பிடுவதே கூண்டுச் சோதனை. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் வர்ன்ஸ்டீன் செய்து 1977இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் புகழ்பெற்றது. கூண்டுக்குள் விலங்குகளின் எண்ணிக்கை பெருகியது. ஆனால் எல்லா இனங்களும் ஒரே அளவில் பெருகவில்லை. மேற்பரப்பை ஒட்டி வாழ்பவை மிகவும் பெருகின, ஆழத்தில் வாழ்பவை பெரிதாக மாறவில்லை. ஆழத்தில் வாழ்பவற்றை, அந்த விரிகுடாவில் வேட்டையாடும் நீல நண்டு முன்பே எட்டவில்லை என்பதை இது காட்டுகிறது.

அடுத்து எழுந்த கேள்வி சுவையானது. பாறைக் கரையில் நட்சத்திர மீனை அகற்றினால் ஒரே சிப்பி இனம் பரவி மற்றவற்றை நெருக்கி வெளியேற்றிவிடும் என்று பெய்ன் 1966இல் காட்டியிருந்தார். சேற்றிலும் அப்படி நடக்க வேண்டுமல்லவா? நடக்கவில்லை. கூண்டுக்குள் பெரும்பாலும் பல இனங்களும் சேர்ந்தே பெருகின என்பதை 1979இல் பீட்டர்சன் சுட்டிக்காட்டினார். பாறையில் இடம் ஒரு தளம். ஒன்றை ஒன்று மூடிக் கொல்லலாம், பெயர்த்துத் தள்ளலாம். சேற்றிலோ இடத்துக்கு ஆழமும் உண்டு, தள்ளிக்கொண்டு நகரவும் வழி உண்டு.

கூண்டு மேலிருந்து வருபவற்றை மட்டுமே தடுக்கும் என்பது மற்றொரு சிக்கல். உள்ளேயே இருக்கும் வேட்டைப் புழுக்களும் பாதுகாக்கப்பட்டுப் பெருகுகின்றன. அவை பிற புழுக்களை உண்கின்றன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையில் 1980களின் தொடக்கத்தில் கமிட்டோவும் ஆம்ப்ரோசும் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவுபடுத்தின. நீரிஸ் புழு கொரோபியம் என்னும் ஆம்பிபாடைக் குறைக்கிறது. கிளிசெரா அந்த நீரிசையே குறைக்கிறது. ஆகவே கிளிசெரா மிகுந்தால் கொரோபியம் பெருகவும் கூடும். மீனைத் தடுத்தும் மொத்த எண்ணிக்கை மாறாத ஒரு கூண்டைப் பார்த்து, மீனுக்கு அங்கே வேலை இல்லை என்று எழுதிவிட்டால் பிழையாகிவிடும்.

கூண்டு நீரோட்டத்தையும் மெதுவாக்கும். நுண்வண்டலும் லார்வாக்களும் கூடுதலாகப் படியும். இதைப் பிரித்தறியவே பக்கங்கள் திறந்த அரைக் கூண்டுகளையும் உடன் வைக்கிறார்கள்.

திருக்கை தோண்டும் குழிகளால் மற்ற விலங்குகளுக்கு என்ன ஆகிறது?

திருக்கை வாயால் நீரைப் பீய்ச்சியும் செட்டைகளை அடித்தும் மணலை அகற்றிக் குழி தோண்டுகிறது. இலக்கு ஒரு மட்டியாக இருந்தாலும், அந்தக் குழியில் இருந்த நூற்றுக்கணக்கான சிறு விலங்குகள் இடம்பெயர்கின்றன. அவற்றில் பலவற்றை அருகில் காத்திருக்கும் சிறு மீன்கள் பொறுக்கிவிடுகின்றன. சில நாட்களில் மணலோடு உருண்டும் நீந்தியும் புதியவை குழியில் குடியேறுகின்றன. நியூசிலாந்தின் ஓதச் சமவெளிகளில் கழுகுத் திருக்கைகளின் குழிகளை வைத்து இதை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

நீரில் ஆக்சிஜன் குறைந்தால் வேட்டை கூடுமா, குறையுமா?

இரண்டும் நடக்கும், குறைவின் அளவைப் பொறுத்தது. ஓரளவு குறையும்போது ஆழத்தில் இருந்த புழுக்களும் மட்டிகளும் மூச்சுக்காக மேலே வந்து தளர்ந்து கிடக்கின்றன. அதைத் தாங்கக்கூடிய மீன்கள் வந்து, வழக்கமாகத் தமக்கு எட்டாத பெரிய இரைகளைத் தின்கின்றன. செசபீக் விரிகுடாவில் கலக்கும் யார்க் ஆற்றில் மீன்களின் குடலை ஆராய்ந்து 1992இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. குறைவு நீடித்தால் மீனும் நண்டும் விலகிவிடும். தாங்கும் திறனுள்ள சில சிறு புழுக்கள் மட்டும் வேட்டையின் தொல்லையின்றிப் பெருகும்.

இழுவலையால் இந்த உறவு பாதிக்கப்படுமா?

பாதிக்கப்படும். அடிமட்ட இழுவலை குழாய்களை உடைத்து, புதைந்தவற்றை வெளியே புரட்டிப்போடுகிறது. வலை கடந்த தடத்தில் அடிபட்டவற்றை உண்ண நண்டுகளும் மீன்களும் கூடுகின்றன. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடைக்காலம் மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டது. விரைவில் வளரும் சிறு புழுக்களுக்கு அந்த இடைவெளி உதவக்கூடும். பல ஆண்டுகள் வாழும் மட்டிகளுக்கு அது போதாது.

வேலூரில் இருந்தபடியே ஒரு மாணவர் இதில் என்ன செய்து பார்க்கலாம்?

கடற்கரைக்குப் போகும்போது ஒரே இன மட்டியின் ஓடுகளைத் துளை உள்ளவை, இல்லாதவை என்று பாராமல், ஒரு சிறு பரப்பில் கிடப்பவை அனைத்தையும் எடுத்து வர வேண்டும். துளை உள்ளவற்றை மட்டும் தேடிப் பொறுக்கினால் கணக்கிட எதுவும் இருக்காது. பின்னர் ஓட்டின் நீளம், வலது ஓடா இடது ஓடா, துளையின் இடம், முழுத் துளையா பாதியில் நின்றதா ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு மட்டிக்கு இரண்டு ஓடுகள் உண்டு, துளை ஒன்றில்தான் இருக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்தால், கொல்லப்பட்டவற்றின் விகிதம் பாதியாகக் குறைந்து தெரியும்.

மீன் கடையில் கிழங்கான் வாங்கினால் அதன் குடலைத் தனியே கேட்டு வாங்கி, ஒரு தட்டில் நீர் ஊற்றிப் பிரித்துப் பார்க்கலாம். கரையிலிருந்து வேலூருக்கு வந்து சேர்வதற்குள் புழுவின் சதை பெரும்பாலும் செரித்துக் கரைந்திருக்கும். ஆனால் தாடைகளும் சுணைகளும் எளிதில் கரைவதில்லை. கல்லூரி ஆய்வகத்தின் சாதாரண நுண்ணோக்கியில் அவற்றைக் காண முடியும். கறுத்து வளைந்த தாடைகள் நான்கு ஒன்றாகக் கிடைத்தால், அந்த மீன் தின்றது ஒரு கிளிசெராவாக இருக்கலாம். அப்படியானால் அது தன் பங்குக்கு வேறு புழுக்களைத் தின்று வளர்ந்த ஒரு வேட்டைப் புழு.